கயிறு கட்டி வந்த கல்யாணக் கார்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நாங்கள் மலாக்கா டவுனில், காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குப் பின்புறம் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் என்றால் நானும் அம்மாவும்தான். அந்த வீட்டிலிருந்துதான் நான் கல்யாணப் பெண்ணாகப் புறப்பட்டேன். அந்தக் காலை நேரத்தில் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். கல்யாணம் என்றதும் பட்டுச் சேலை, நகை, பந்தி என்று நினைத்துவிடாதீர்கள். இது இரண்டு கார்களின் கதை. ஒன்று ஜெர்மன் கார், இன்னொன்று ஜப்பான் கார். இரண்டைப் பற்றியும் எனக்கு நன்றாகவே பேச வரும். இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது கார் வாங்கப் போனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கேட்காவிட்டாலும் நான் சொல்லாமல் விடமாட்டேன்.

ஜெர்மன் கார் என் தாய்மாமாவுடையது. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி அவர். அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. மெர்டேக்காவுக்குப் பிறகு ஊருக்குக் கப்பலேறிய ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து அந்தக் காரை வாங்கியிருந்தார். ஆமை மாதிரி வளைந்த முதுகு. எஞ்சின் பின்னால் இருக்கும். முன்னால் திறந்தால் பெட்டி வைக்கிற இடம். முதன்முதலில் பார்த்தவர்கள் எல்லாரும், "என்னங்க, எஞ்சினையே காணோம்!" என்று பதறுவார்கள். மாமா அந்தப் பதற்றத்துக்காகவே முன்பக்கத்தைத் திறந்து காட்டுவார். அந்தக் காருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. காற்றே எஞ்சினைக் குளிர வைத்துவிடும். "தண்ணி கேக்காத காடி" என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கதவைச் சாத்தும்போது டொம்மென்று கேட்கும் சத்தத்தைக் கேட்க வைப்பதற்காகத் திறந்து திறந்து சாத்துவார்.

ஜப்பான் கார் மாப்பிள்ளையுடையது. நான் அப்போது ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தேன். அவர் டவுனில் ஒரு சீன தவுக்கேயின், அதாவது முதலாளியின், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலையில் இருந்தார். எங்கள் பஸ் பட்டறைக்குச் சாமான் கொண்டுவந்து போடுவார். பட்டறைக்குப் போகும் வழி பின்வாசல். அவர் மட்டும் ஏனோ கவுண்டர் வழியாகத்தான் போவார். பிறகு என்ன, முறைப்படி ஆள் அனுப்பிப் பெண் கேட்டார்கள். அம்மாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. வீட்டாரையும் பிடித்துவிட்டது. பிடிக்காமல் போனது அவர் வந்து இறங்கிய கார் ஒன்றுதான்.

அம்மாவுக்கு ஜப்பான் என்ற பெயரே ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரர்கள் ஆட்களை லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அப்பாவும் அதில் போனார். திரும்பி வரவில்லை. எங்கே போனார், எப்படிப் போனார் என்று சொல்லக்கூட ஒருவரும் திரும்பவில்லை. அதன் பிறகு ஜப்பான் சாமான் எதுவும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. பீங்கான் தட்டு மலிவு என்று வாங்கி வந்தால்கூடப் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார். கடைக்கு ஓடிப்போய் மாற்றி வரச் சொல்வார்.

மாமாவுக்கு இதெல்லாம் தெரியும். அவர் சமாதானப்படுத்துகிற விதமே தனி. ஒருமுறை அவர், "அக்கா, அந்தத் துரை ஜெர்மன்காரனோட சண்டை போட்டவன்தான். அவனே கடைசியில ஜெர்மன் காடியிலதானே சுத்துனான்?" என்றார்.

அம்மா காய்கறி நறுக்கியபடியே, "துரைக்கு என்னடா, அவன் பொண்டாட்டியா தாலி அறுத்தா?" என்றார்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில் நடந்தது. தட்டு மாற்றுவதற்கு முன்பே மாமாவுக்கும் மாப்பிள்ளைக்கும் கார் பேச்சு தொடங்கிவிட்டது. பலகாரம் சாப்பிட வந்தவர்கள் கையில் தட்டோடு வேடிக்கை பார்த்தார்கள்.

"மாப்ள, ஒங்க காடி தகரம் லா. பிஸ்கட் டின்னு. கையால அமுக்கினா உள்ள போவுது" என்றார் மாமா.

அவர் சிரித்துக்கொண்டே, "உண்மைதான் மாமா. ஆனா அமுங்குனா அடுத்த தெருவுலயே நிமித்திக்கலாம். சாமான் எந்தச் சீனன் கடைக்குப் போனாலும் கெடைக்கும், வெலையும் கம்மி. ஒங்க காடி சீக்கிரம் கெட்டுப்போவாது, நான் ஒத்துக்கிறேன். கெட்டுப்போனா? சிங்கப்பூருக்குக் கடுதாசி போட்டுட்டு காத்திருக்கணும். சாமான் வர்ற வரைக்கும் காடிக்குள்ள கோழி முட்டை போடும்" என்றார்.

"அது கெட்டாத்தானே!"

"கெடாத காடி இருந்தா எங்க தவுக்கே கடையை மூடிட்டுப் போயிருப்பாரு மாமா."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுப்படியிலிருந்து வந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, எல்லார் முன்னாலும் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். எம் மக கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் அவ கால் ஜப்பான்காரன் வண்டியில படக்கூடாது. அதுக்கப்புறம் அவ ஒங்க வீட்டுப் பொண்ணு, நான் கேக்க மாட்டேன். நான் சாகுற வரைக்கும் ஏற மாட்டேன். என்னைக் கூப்பிடக் கூடாது."

இந்தச் சம்பந்தம் போயே போய்விட்டது என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்று, "சரிங்க அத்தை. என் வாயால நான் கூப்பிட மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. கார் பேச்சில் மட்டும் ஆயிரம் பதில் வைத்திருந்தவர் இதற்கு ஒரு வரிக்கு மேல் பேசாதது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆக, தாய்மாமன் காரில் பெண் போவது என்று முடிவானது. முறைப்படியும் அதுதான் சரி. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணம் புக்கிட் ரம்பாய் பக்கம், மாப்பிள்ளை வீட்டுக்கு அருகிலிருந்த அம்மன் கோயிலில். காஜா பெராங்கிலிருந்து தெங்கேரா வழியாகப் போய், கிளேபாங் கடற்கரைச் சாலையைப் பிடித்து, பிறகு உள்ளே திரும்ப வேண்டும். மாமா அந்தப் பாதையில் முதல் நாளே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

கல்யாணத்தன்று விடியற்காலை காருக்கு அலங்காரம் நடந்தது. அலங்காரத்துக்கு அம்மாதான் பொறுப்பு. பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா தன் வீட்டு மல்லிகையை ஒரு கூடை நிறையப் பறித்துக்கொண்டு வந்திருந்தார். பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டிக் குடும்பம் அவருடையது; நம் சாமியைத்தான் கும்பிடுவார், ஆனால் பேச்செல்லாம் மலாய்தான். எங்கள் அம்மா அவரிடம் தமிழும் மலாயும் கலந்து ஒரு பாஷை பேசுவார். அது அவர்கள் இருவருக்கு மட்டுமே புரியும்.

எல்லாக் கார்களுக்கும் மாலை முன்னால்தானே போடுவோம்? எஞ்சின் முன்னால் இருக்கிறது, அதுதான் வண்டியின் முகம், அதனால் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் அங்கே. அம்மா இந்தக் காரைச் சுற்றி வந்து யோசித்தார். எஞ்சின் பின்னால் இருக்கிறது என்றால் மரியாதையும் பின்னால்தானே செய்ய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். பின்பக்கம் முழுக்க ஒரு தலைவாழை இலையை விரித்துக் கட்டி, அதன் மேல் வேப்பிலைக் கொத்துகளை வைத்து, அதற்கும் மேல் மல்லிகைச் சரத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். கண்ணாடிக்குக் கீழே கீற்றுக் கீற்றாக இருந்த திறப்புகள் அப்படியே மறைந்துவிட்டன. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

செட்டி அம்மா மட்டும் மலாயில், "பூவை ஏன் பின்னால் கட்டுகிறாய்?" என்று கேட்டார்.

"எஞ்சின் சீத்து லா!" என்றார் அம்மா, எஞ்சின் அங்கேதான் இருக்கிறது என்று கையைக் காட்டி. செட்டி அம்மாவும் தலையாட்டிக்கொண்டார்.

மாமா குளித்து, பட்டு வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு வந்து பார்த்தார். காற்றால் குளிரும் எஞ்சின் என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர், காற்று போகும் வழியை வாழை இலை அடைத்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "பிரமாதம் அக்கா! எஞ்சினுக்கு இப்பதான் மரியாதை செஞ்ச மாதிரி இருக்கு" என்றார். கல்யாண வீட்டு மயக்கம் அப்படி. நானும்தான் பார்த்தேன். எனக்கும் அழகுதான் தெரிந்தது.

நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்துக் கிளம்பினோம். உறவுக்காரர்கள் எல்லாரும் லாரியில் முன்னாலேயே போய்விட்டார்கள். எங்கள் காரில் மாமா, அம்மா, நான். தெரிந்தவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் மாமா மெதுவாகப் போய் ஆரன் அடித்தார். காஜா பெராங்கிலும் தெங்கேராவிலும் அவர் காரைப் பார்க்காத ஆள் இருக்கக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர் போல ஊர்ந்து ஊர்ந்து போனார். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

கிளேபாங் சாலையைப் பிடித்ததும் மாமா வேகம் எடுத்தார். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தென்னந்தோப்புக்குள் மலாய்க்காரர்களின் வீடுகள். நான் கடல் காற்றில் கூந்தல் கலையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா திடீரென்று மூக்கை உறிஞ்சினார்.

"ஏன்டா தம்பி, எல வேகுற வாசம் வருது?"

"எந்த எல அக்கா?"

"வாழ எல. கொழுக்கட்ட அவிக்கிற மாதிரி."

கோயிலில் பந்திக்குச் சமையல் நடக்கும், அந்த வாசனை காற்றில் வருகிறது என்று மாமா சொன்னார். கோயில் இன்னும் எத்தனையோ மைல் தள்ளி இருக்கிறது. எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பின்னால் படபடவென்று ஒரு சத்தம் கேட்டது. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மாமா இதுவரை எரிந்தே பார்த்திராத விளக்கு. கார் முனகிக்கொண்டே ஓரமாகப் போய் நின்றது.

மாமா ஓடிப்போய்ப் பின்பக்கம் திறந்தார். அனல் அடித்தது. வாழை இலை வெந்து கறுத்துப் போயிருந்தது. மல்லிகைச் சரத்தின் நாரைக் காற்றாடி உள்ளே இழுக்க, அது பெல்ட் ஓடும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, பெல்ட்டையே அறுத்துவிட்டிருந்தது. மாமா அறுந்த பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, செத்த பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். அது இல்லாமல் எஞ்சினுக்குக் காற்று இல்லை. அந்த அளவுக்கு வேறு பெல்ட் அந்தப் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை கடையும் திறந்திருக்காது.

முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அது தவறினால் அன்று வேறு நேரம் இல்லை என்று பூசாரி முன்பே சொல்லியிருந்தார். மாமா சாலையின் நடுவில் நின்று வருகிற போகிறவர்களுக்குக் கை காட்டினார். வந்ததெல்லாம் சைக்கிளும், மீன் கூடை ஏற்றிய மூன்று சக்கர வண்டியும்தான். அம்மா வெந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு, "நான்தான்டா கட்டினேன், நான்தான் கட்டினேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அம்மா மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஏதாவது நடந்துவிட்டால் இதைச் சொல்லிச் சொல்லியே அம்மா தன்னை வருத்திக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

எதிர் வீட்டிலிருந்து ஒரு மலாய்க்காரர் இறங்கி வந்தார். மீன்பிடிக்கிறவர். வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. கல்யாணப் பெண் வெயிலில் நிற்பதைப் பார்த்ததும் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா என்னை இழுத்துப்போய் நிழலில் உட்கார வைத்து, முகத்தைத் துடைத்துவிட்டு, கலைந்திருந்த என் கூந்தல் பூவைச் சரிசெய்தார். நாங்கள் யார், எங்கே போகிறோம் என்று பிறகுதான் கேட்டார்.

அப்போதுதான் தூரத்தில் ஒரு கார் வந்தது. எனக்கு அந்தக் காரின் சத்தம் தெரியும். பஸ் பட்டறைக்கு அது வரும்போதெல்லாம் கவுண்டரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தவள் அல்லவா!

மாப்பிள்ளையேதான். மணவறையில் உட்கார்ந்த பிறகு எழுந்து போகக்கூடாது என்று எல்லாரும் தடுத்தார்களாம். அவர்கள் வீட்டில் வேறு யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. நேரமாகியும் நாங்கள் வராததால், பெண் கார் வழியில் எங்கேயோ நின்றிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டார். பட்டு வேட்டி, கையில் கட்டிய காப்பு, நெற்றியில் சந்தனம். கழுத்தில் இருந்த மாலையை மட்டும் கழற்றிப் பின்சீட்டில் வைத்திருந்தார். இறங்கியவுடன் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அறுந்த பெல்ட்டைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

மாமா தொண்டையைச் செருமி, "அக்கா, நேரம் போவுது. பாப்பா மட்டும்..." என்று இழுத்தார்.

அம்மா அந்த ஜப்பான் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் அதன் முன்பக்கம் பளபளத்தது. அம்மாவின் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீ ஏறிப் போ ஆயி. முகூர்த்தம் தவறக்கூடாது. நான் நடந்தாவது வந்துடுறேன்" என்றார்.

உள்ளதைச் சொல்கிறேன், நான் ஏறத் தயாராக இருந்தேன். அந்தக் காரை நோக்கி ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டேன். அம்மா இருபது வருஷத்துக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டிருந்ததை எனக்காகக் கீழே போடுகிறார் என்று மனம் உருகியது. அதே நேரம், வேறு வழி இல்லை என்றும் தோன்றியது.

மாப்பிள்ளை கதவைத் திறக்கவில்லை. கார்க் கதவில் சாய்ந்து நின்றபடி, "வேணாம் அத்தை. நிச்சயத்தன்னிக்கு ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதான். தாலி ஏறுற வரைக்கும் ஏற வேணாம்" என்றார்.

"அப்ப எப்படிப்பா?" அம்மா குரல் உடைந்துவிட்டது.

அவர் மலாய்க்காரரிடம் திரும்பி, "பாக்சீக், அடா தாலி?" என்று கேட்டார். பெரியவரே, கயிறு இருக்கிறதா என்று; மலாயில் கயிற்றுக்குத் தாலி என்றுதான் பெயர். அந்தப் பெரியவர் ஒரு நொடி இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. வீட்டுக்குக் கீழே போய், படகு கட்டுகிற தடித்த கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவரே மண்டியிட்டுக் கட்டினார். அலைக்கும் காற்றுக்கும் அவிழாத முடிச்சு அது. கயிற்றை எப்போது திருப்பித் தருவது என்று கேட்டதற்கு, "முதலில் பெண்ணைக் கொண்டுபோய்ச் சேருங்கள்" என்று மலாயில் சொல்லி விரட்டினார்.

மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "என் காடியை... இத வச்சா இழுக்கிறது?"

"நீங்கதான் மாமா ஓட்டுறீங்க. ஸ்டேரிங்கும் ஒங்ககிட்ட, பிரேக்கும் ஒங்ககிட்ட. நான் சும்மா முன்னால வழி காட்டிட்டுப் போறேன்" என்றார் மாப்பிள்ளை. மாமா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இப்படியாக, ஜெர்மன் காரை ஜப்பான் கார் இழுக்க, நாங்கள் புறப்பட்டோம். பிஸ்கட் டின் என்று பெயர் வாங்கிய அந்தச் சின்னக் கார், முதலில் கொஞ்சம் திணறி, பிறகு கயிறு விறைத்து, எங்களை நகர்த்திவிட்டது. வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள். சிலர் கை தட்டினார்கள். மாமா இரண்டு கையாலும் ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு, பார்வையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பவே இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா பேசத் தொடங்கினார். அப்பாவைப் பற்றி அம்மா என்னிடம் அதிகம் பேசியதில்லை. சயாம் போனார், வரவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"ஒங்கப்பாவ ஏத்துன லாரி பின்னாலயே நான் ஓடுனேன். நீ இடுப்புல இருந்த. தோட்டத்து கேட்டு வரைக்கும் ஓடுனேன். ஓட்டுறவன் ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல ஆயி. ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா நிறுத்தியிருப்பானோன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு நெனப்பு."

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா எங்களுக்கு முன்னால் போன காரைக் காட்டினார். அதன் பின்கண்ணாடி வழியாக மாப்பிள்ளையின் தலை தெரிந்தது. சாலையைப் பார்ப்பார், உடனே திரும்பி எங்களைப் பார்ப்பார். மறுபடி சாலை, மறுபடி நாங்கள். கயிறு தளர்ந்தால் வேகத்தைக் கூட்டினார், இழுத்தால் குறைத்தார்.

"இவன் திரும்பித் திரும்பிப் பாக்கிறான்" என்றார் அம்மா. அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். முன்சீட்டில் மாமாவும் மூக்கை உறிஞ்சினார். இம்முறை வாழை இலை வாசனைக்காக அல்ல.

கோயிலை அடைந்தபோது முகூர்த்தம் முடிய நேரம் கொஞ்சம்தான் இருந்தது. நாதஸ்வரக்காரர்கள் கயிற்றைப் பார்த்துவிட்டு ஒரு கணம் வாசிக்க மறந்தார்கள். பிறகு அடித்த மேளத்தில் கோயில் அதிர்ந்தது. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி, மாலையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, மணவறைக்கு ஓடினார். நான் ஜெர்மன் காரிலிருந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கம்பீரமாக இறங்கினேன். தாலி ஏறியது. அம்மாவின் சொல்லும் நின்றது.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மாமாவின் கார் கோயில் வளாகத்தில் பல வாரம் நின்றது. சிங்கப்பூருக்குக் கடிதம் போனது. பெல்ட்டோடு இன்னும் சில சாமான்களும் மாற்ற வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர்தான் தவுக்கேயிடம் சொல்லி எல்லாவற்றையும் வரவழைத்தார். சாமான் வருவதற்குள் அதில் கோழி உண்மையிலேயே முட்டை போட்டிருந்தது. மாமா அதை ஒரு கூடையில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "காடி கெடல மாப்ள. பூதான் கெடுத்துச்சு. அத மறந்துடாதீங்க" என்றார். அதுவும் நியாயம்தான். அந்தக் கார் அதற்குப் பிறகு நெடுங்காலம் ஓடியது. எங்கள் ஜப்பான் காரைக் கடல் காற்று அரித்துத் தின்ற பிறகும் மாமா டொம்மென்று கதவைச் சாத்திக்கொண்டுதான் வந்தார். எங்கள் காரில் அடிக்கடி ஏதாவது ஒன்று கழன்றுகொண்டே இருக்கும். ஆரன் வேலை செய்யாது, ஜன்னல் கைப்பிடி கையோடு வரும். ஆனால் எதுவும் ஒரு பொழுதுக்கு மேல் எங்களை நிறுத்தியதில்லை. அன்றே சாமான் வாங்கி, அன்றே மாட்டிவிடுவார். பணம் இருந்து, பொறுமையும் இருந்தால் ஜெர்மன். மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டுமென்றால் ஜப்பான். கார் விஷயத்தில் என் தீர்ப்பு இவ்வளவுதான், இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தப் படகுக் கயிற்றை மறுவாரமே நாங்கள் இருவரும் கொண்டுபோய்க் கொடுத்தோம். பலகாரமும் கொண்டுபோயிருந்தோம். பாக்சீக் பலகாரத்தை வாங்கிக்கொண்டு, கயிற்றை வாங்க மறுத்துவிட்டார். "வைத்துக்கொள், உன் மாமாவுக்கு மறுபடியும் தேவைப்படும்" என்று சிரித்தார். அவர் இருந்தவரை ஒவ்வொரு ஹரிராயாப் பெருநாளுக்கும் அந்த வீட்டுக்குப் போய்வந்தோம்.

அம்மா சொன்னபடியே கடைசிவரை அந்தக் காரில் ஏறவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் வாங்கிய கார்களிலும் ஏறவில்லை, எல்லாமே ஜப்பான். என் வீட்டுக்காரரும் சொன்னபடியே ஒருமுறைகூட ஏறச் சொல்லவில்லை. அம்மாவைக் கோயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ அழைத்துப் போக வேண்டுமென்றால் காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, அம்மாவோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போய் நிற்பார். மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். "நீங்க கார்ல போங்க தம்பி, நான் போய்க்குவேன்" என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டும் அத்தை, பஸ் ரிப்பேரானா சாமான் வாங்குற காசு என்னுது இல்ல பாருங்க" என்பார் அவர்.

ஆனால் ஒன்று. ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்கு அம்மா தன் கையாலேயே மல்லிகை கட்டி எங்கள் காருக்குக் கொண்டுவருவார். ஜப்பான் காருக்கு! முன்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சரத்தை ஓரமாகக் கட்டிவிட்டு, கையை நடுவில் வைத்துப் பார்ப்பார். "காத்துக்கு வழி விட்டுக் கட்டியிருக்கேன்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வார். அவரும் குனிந்து பார்த்து, "சரியா இருக்கு அத்தை" என்பார்.

இன்று இருவருமே இல்லை. எந்த நாட்டுக் காரை நம்பலாம் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் கடகடவென்று சொல்லிவிடுவேன். சொல்லி முடித்த பிறகு, என் அம்மாவை ஏறச் சொல்லாமல், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே எங்களை இழுத்துப்போன அந்த மனிதரைத்தான் நான் இத்தனை காலம் நம்பி வாழ்ந்தேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.